சடைநாயோடு கடலூருக்கு

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். என் வீட்டுக்காரர் அண்ணாமலை நகரில் தாவரவியல் விரிவுரையாளர். அங்கேயே குவார்ட்டர்ஸ். வீட்டில் அவர், நான், என் மாமியார், மூன்றே பேர். பக்கத்து வீட்டுப் பேராசிரியர் ஆராய்ச்சிக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பினார். கிளம்புகிற அன்று சாயங்காலம் தம் நாயைச் சங்கிலியோடு கூட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, "ரெண்டு வருஷம் நீங்கதான் பாத்துக்கணும் சார்" என்றார். என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. சங்கிலியை வாங்கிக்கொண்டார்.

முதலில் பார்த்தபோது எனக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியவில்லை. உடம்பு முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக முடி. கண்ணை மறைத்து, காலை மறைத்து, தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. ஊட்டியில் யாரோ வெள்ளைக்காரரிடம் வாங்கிய ஜாதி நாயாம். அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. என் மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை. பார்த்த உடனே, "சடைநாயா?" என்றார். அன்றிலிருந்து அது சடை. கொஞ்ச நாளில் இங்கிலீஷ் பெயரை நாயே மறந்துவிட்டது.

நாயோடு ஒரு பிரஷ்ஷும் ஓர் இரும்புச் சீப்பும் வந்தன. பேராசிரியர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தினமும் பிரஷ் போட வேண்டும். விட்டால் முடி சிக்குப் பிடித்துக் கம்பளி மாதிரி ஆகிவிடும். அது போக, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கடலூருக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சக்குப்பத்தில் ஒருவர் இருக்கிறார். முடி வெட்டி, நகம் வெட்டி, காது துடைத்துக் குளிப்பாட்டித் தருவார். சிதம்பரத்தில் அந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை.

கடலூர் என்ற சொல் காதில் விழுந்ததும், அடுக்களையில் இருந்த நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

என் தாய்வீடு கடலூர் புதுப்பாளையத்தில் இருந்தது. சிதம்பரத்தில் காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். முதல் வருஷம் ஆடிக்கு ஒரு மாதம், தலைதீபாவளி, பொங்கல் என்று போவதற்குச் சாக்குக்குக் குறைவில்லை. வருஷம் திரும்பியதும் சாக்குகள் தீர்ந்துபோயின. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கொடுமைக்காரர் இல்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் பிறந்து, அந்தப் பக்கமே வாழ்க்கைப்பட்டு, சின்ன வயதிலேயே கணவரை இழந்து, ஒரே மகனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன, அவ்வளவுதான். "வாக்கப்பட்ட பொண்ணு சும்மா சும்மா அம்மா வூட்டுக்குப் போயிகினு இருந்தா ரெண்டு வூட்லயும் ஒட்டாது" என்பது அதில் ஒன்று. நான் கேட்டால் போகாதே என்று சொல்ல மாட்டார். "போயேன்" என்பார். அந்தப் 'போயேன்' இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகு யாருக்கும் பெட்டி கட்ட மனசு வராது.

எனக்கு நாய் என்றாலே பயம். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு தெருநாய் துரத்தி, வாய்க்காலில் விழுந்து எழுந்தவள் நான். சடை வந்த முதல் வாரம், அது பின்கட்டில் இருந்தால் நான் முன்கட்டில், அது முன்கட்டுக்கு வந்தால் நான் பின்கட்டில். ஆனாலும் அதன் முடி வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து காப்பி குடித்ததும் சடையைத் தூக்கிப் புழக்கடைத் துவைகல்லின் மேல் நிறுத்துவார். பிரஷ்ஷை எடுத்து முதுகில் ஆரம்பிப்பார். பக்கத்தில் கொய்யாமரம். அதன் கீழே முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அத்தை வேடிக்கை பார்ப்பார்.

"பொண்டாட்டிக்கு ஒரு மொழம் பூ வாங்கியாரத் தெரியல. நாய்க்குத் தல வாரி வுடுறான்" என்றார் ஒரு நாள்.

அவர் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. நாயிடம் சொன்னார்: "சடை, நாளைக்கு மேல வீதிப் பக்கம் போவும்போது பூ வாங்கணுமாம். எனக்கு ஞாபகப்படுத்து."

மறுநாள் மல்லிகைப்பூ வந்தது. அதிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. அம்மா இருக்கும்போது என்னிடம் நேராகப் பேச அவருக்குக் கூச்சம். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பிரஷ் போட்டுக்கொண்டே நாய்க்குச் சொல்ல ஆரம்பித்தார். "சடை, இன்னைக்கி வத்தக்கொழம்பு பிரமாதம். உள்ள போய் சொல்லிட்டு வா." "சடை, ஞாயித்துக்கெழம சினிமாவுக்குப் போவலாமான்னு கேளு." நான் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு, "சடை, போவலாம்னு சொல்லு" என்பேன். அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த நாய்க்கு ரெண்டு பக்கமும் சம்பளம் குடுங்க" என்பார்.

இரண்டு மாதம் ஆயிற்று. முடி வளர்ந்து சடைக்கு வழி தெரியாமல் வாசற்படியில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

"அம்மா, நாயக் கடலூருக்குக் கொண்டுபோவணும். நான் ஒருத்தனா சமாளிக்க முடியாது" என்றார் அவர்.

"நாய்க்கு மயிரு வெட்டக் குடும்பத்தோட போறத இப்பதான் பாக்குறேன்" என்றார் அத்தை. 'போயேன்' வரவில்லை. நான் உடனே போய்ப் புடவையை மடித்து வைத்தேன்.

நாய்க்கும் டிக்கெட் உண்டு. ஆனால் நம்மோடு உட்கார முடியாது. கார்டு பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு இருக்கும், அதில்தான் வர வேண்டும். ரயில் கிளம்பியதுமே சடை ஊளையிட ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிள்ளையில் வண்டி நின்றதும் இறங்கிப் பின்னால் ஓடினார். கார்டு பச்சைக்கொடி காட்டியதும் திரும்பி ஓடிவந்து ஏறினார். பரங்கிப்பேட்டையில் மறுபடியும் ஓடினார். புதுச்சத்திரத்தில் வண்டி நகர்ந்த பிறகுதான் திரும்பினார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தொற்றி ஏறுவதைப் பார்த்து என் பக்கத்தில் இருந்த அம்மாள், "பின்னாடி பெட்டியில யாராவது ஒடம்பு சரியில்லாதவுங்களா?" என்று கேட்டாள். நாய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாங்க" என்றேன். ஆலப்பாக்கத்தில் கார்டே இரக்கப்பட்டு அவரைத் தம் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு ஊளைச் சத்தம் கேட்கவில்லை.

மஞ்சக்குப்பத்துக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். கைலி, தூய வெள்ளை பனியன், மூக்கின் நுனியில் கண்ணாடி. வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் பெரிய பெரிய பங்களாக்களுக்குப் போய்க் குதிரைக்கும் நாய்க்கும் முடி வெட்டியவர். "கலெக்டர் நாய் என் கையிலதான் சார் தூங்கும். கலெக்டர் கூப்ட்டாகூட எழுந்திரிக்காது" என்று முதல் பேச்சிலேயே சொன்னார். அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் உயரமான ஒரு மேஜை, முடி வெட்டுகிற கைமிஷின், விதவிதமான கத்தரிக்கோல்கள், ஒரு பெரிய தகரத்தொட்டி.

சடையை மேஜைமேல் ஏற்றி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். முன்னங்காலைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"வூட்ல யாரு சார் பிரஷ் போட்றது?"

"நான்தான். தினமும் போடறேன்."

"மேல மேல போட்றீங்க. மேல சட்டை இஸ்திரி போட்டாப்புல இருக்குது, உள்ள பனியன் கந்தல். இங்க கை வெச்சிப் பாருங்க. காதுக்குப் பின்னால, அக்குள்ல, தொடை இடுக்குல. சிக்கு ஜாஸ்தி."

என் வீட்டுக்காரரின் முகம் சிவந்துபோயிற்று. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் தோற்காதவர். மாஸ்டர் முடியை ஒரு கையால் வகிர்ந்து பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக வாருவது எப்படி என்று செய்து காட்டினார். சிக்கு இருந்தால் நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். அடியில் சீப்பை வைத்து இழுத்தால் நாய் அதற்குப் பிறகு சீப்பைக் கண்டாலே ஓடும். என் வீட்டுக்காரர் குனிந்து கவனித்துக்கொண்டிருந்தார். நான் அங்கே நிற்கவில்லை. என் அண்ணன் சைக்கிள் ரிக்‌ஷாவோடு தெருமுனையில் காத்திருந்தான்.

அன்றும் மறுநாளும் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மா வஞ்சிரம் வறுத்தாள். சிதம்பரத்துக் கதைகளையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். முடி வெட்டிய சடைக்கு முதல்முறையாக இரண்டு கண்கள் தெரிந்தன. பழுப்பு நிறத்தில் பெரிய கண்கள். இத்தனை நாளும் அந்த முடிக்குள்ளிருந்து இப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததா என்று இருந்தது.

ஆனால் மாஸ்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் மனசில் போட்டுக்கொண்டுவிட்டார். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவர் பிரஷ் போடுவது வேறு விதமாகிவிட்டது. இலைகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பதுபோல முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை. அடுத்த தடவை மஞ்சக்குப்பம் போனபோது மாஸ்டர் விரலை விட்டுத் தேடினார், தேடினார், ஒரு முடிச்சு அகப்படவில்லை.

"பலே சார்! இப்படி வெச்சிருந்தா ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா எதுக்கு அலையறீங்க? நாலு மாசம் வுட்டே வாங்க."

என் வீட்டுக்காரர் தங்கப்பதக்கம் வாங்கியவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு காலேஜில் அவருக்குச் சாயங்காலமும் செய்முறை வகுப்பு வந்தது. வீட்டுக்கு வர இருட்டிவிடும். "பிரஷ் யாரு போட்றது?" என்று அவர் கவலைப்பட்டபோது, "நான் போடறேன்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். அத்தைக்கு அதைவிட. நாயைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள் எப்படி முன்வந்தாள் என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. என் கணக்கு சுலபமானது. முதுகில் மட்டும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் விட்டுவிடுவது. மாதம் ஒன்று போனால் போதும், மாஸ்டரிடம் போகாமல் தீராது.

முதல் நாள் கையை மட்டும் எட்ட நீட்டி, உடம்பைத் தள்ளி வைத்துக்கொண்டு நின்றேன். சடை துவைகல்லின் மேல் அசையாமல் நின்றது. முதுகில் பிரஷ்ஷை ஓட்டினேன். கொஞ்ச நேரம் ஆனதும் அது மெல்ல உட்கார்ந்து, முகவாயை என் முழங்கையில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டது. வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கால் நீட்டி உட்காருகிற பொம்பளை விடுவாளே, அந்த மாதிரி ஒரு பெருமூச்சு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

காதுக்குப் பின்னால் விட்டுவிட நினைத்ததும் நடக்கவில்லை. விரல் அங்கே போகும். ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். விட்டுவிடு என்று சொல்லிக்கொள்வேன். அடுக்களைக்குப் போய் அடுப்பில் உலை வைப்பேன். அந்த முடிச்சு என் தலையிலேயே இருப்பதுபோல் உறுத்தும். திரும்பி வந்து உட்கார்ந்து, நுனியிலிருந்து ஒவ்வொரு மயிராகப் பிரிப்பேன். அது கண்ணை மூடிக்கொண்டு காதைக் காட்டும். ஐப்பசி மழையில் நனைந்து வந்து நிற்கும்போது, ஈர முடி இறுகுவதற்குள் பழைய துணியால் துடைத்து, அடுப்பு ஓரத்தில் உட்காரவைத்துக் காயக் காய வாருவேன். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, "என்னவிட நீ நல்லா செய்யற" என்றார். இந்த ஒன்றை மட்டும் நாய் மூலமாகச் சொல்லாமல் என்னிடமே சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கையாலேயே கடலூர் வழியை அடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் என் அக்கா பிரசவத்துக்குக் கடலூர் வந்திருந்தாள். திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். ஐப்பசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்று போவதாக இருந்தோம். கார்த்திகை மழை கொட்டி, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. பிறகு போகலாம், பிறகு போகலாம் என்று நாள் ஓடிவிட்டது. மார்கழியில் ஒரு நாள் அண்ணன் எங்களைப் பார்க்க வந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்: "அக்கா தை பொறந்ததும் திருச்சிக்குக் கெளம்பிடும் மச்சான். அதுக்குள்ள ஒரு தபா வந்து கொழந்தையப் பாத்துட்டுப் போங்க."

"பாக்கலாம் மச்சான், இப்ப கொஞ்சம் வேல ஜாஸ்தி" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் என்னையறியாமல், "சடைக்கு மாசி வரைக்கும் முடி வெட்ட வேண்டாமே" என்றேன்.

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "கொழந்தையப் பாக்குறதுக்கும் நாய் முடிக்கும் என்னா சம்பந்தம்?"

அத்தை அவன் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை. நான் ரேஷன் கடைக்குப் போய், வரிசையில் நின்று, அரிசியோடு திரும்பினேன். புழக்கடையில் ஒரு பிராணி நின்றது. கறுப்பாக, ஈரமாக, பாதி உயரத்துக்குச் சுருங்கிப்போய், உடம்பெல்லாம் சருகும் சாம்பலும் ஒட்டிக்கொண்டு. வாலை ஆட்டியபோதுதான் சடை என்று தெரிந்தது. பக்கத்தில் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். காலடியில் நல்லெண்ணெய்ப் போத்தல், காலியாக.

"என்னாத்தே இது?"

"சனிக்கெழமையாச்சே. முடி காஞ்சி கெடந்துது. ரெண்டு சொட்டு எண்ண வெச்சேன்" என்றார். "வெச்சதும் ஓடிப்போய்ச் சாம்பல்ல பொரண்டுட்டுது. நான் என்னா செய்யட்டும்?"

தாளிக்க எண்ணெய் விடும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவர் அவர். அவர் கையாலேயே ஒரு முழுப் போத்தல் காலியாகியிருந்தது.

என் வீட்டுக்காரர் வந்தார். பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா, நாய்க்கு யாராவது எண்ண தேய்ப்பாங்களா?"

"ஏன், அதுக்குச் சூடு இல்லியா?"

சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். எண்ணெய் பாதி போயிற்று. மீதி பாதியில் சீயக்காய்ப் பொடி ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டோம். தேய்க்கத் தேய்க்க முடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. அவர் சீப்பை எடுத்தார். உள்ளே போன சீப்பு வெளியே வரவில்லை. நான் விரலால் பிரித்துப் பார்த்தேன். இத்தனை மாதம் ஒரு முடிச்சு விடாமல் நான் வளர்த்த முடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சடை நடுவில் நின்றுகொண்டு எங்கள் இரண்டு பேர் கையையும் மாறி மாறி நக்கியது. நல்லெண்ணெய் அதற்குப் பிடித்திருந்தது.

"இது நம்மால ஆவாது. மாஸ்டர்கிட்டதான் போவணும்" என்றார் அவர்.

"அப்ப நாளைக்கே கெளம்புங்க" என்றார் அத்தை. "இவளயும் கூட்டிகினு போ. ஒருத்தனா ஒன்னால முடியாதுன்னு சொன்ன இல்ல? திங்களும் செவ்வாயும் லீவு போடு. அவசரப்பட்டு ஓடியாராதீங்க. நாய்க்கு முடி மொளைக்கிற வரைக்கும் இருந்துட்டு வந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். "கொழந்தைக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரயிலில் என் வீட்டுக்காரர் இந்தத் தடவை முதலிலேயே கார்டிடம் சொல்லிக்கொண்டு அவர் பெட்டியில் ஏறிவிட்டார். நான் பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். வசம்பு வளையல் ஒரு ஜோடி. வசம்பைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஓரம் குத்தாமல் தேய்த்து, ஒவ்வொன்றிலும் துளை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து, நடுநடுவே சிவப்புப் பாசிமணி. பச்சைக்குழந்தையின் மணிக்கட்டு அளவுக்குச் சரியாக இருந்தது. ஒரு ராத்திரியில் ஆகிற வேலை இல்லை அது. வசம்பு வாங்க வேண்டும், மணி வாங்க வேண்டும். அண்ணன் வந்துபோன மறுநாளிலிருந்து எனக்குத் தெரியாமல் அத்தை கோத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எண்ணெய்?

வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் தடதடவென்று ஓடியது. வளையலை மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து எதிரே இருந்த பெண் தன் பிள்ளையைக் கொஞ்சம் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் சடையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"யாரு சார் எண்ண வெச்சது?"

"எங்கம்மா."

"வத்தல் வடாம் ஏதாச்சும் போட்டாங்களா, இல்ல எண்ணையோட நிறுத்திகினாங்களா?"

வாரிப் பார்த்தார், கத்தரித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மிஷினை எடுத்து நெற்றியிலிருந்து வால்வரை மழித்துவிட்டார். முடி ஒரே துண்டாக, போர்வை மாதிரி கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து ரோஜா நிறத்தில், காது மட்டும் பெரிதாக, ஆட்டுக்குட்டி போன்ற ஒன்று வெளியே வந்தது. அது தன்னைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டு, வெட்கம் தாங்காமல் என் வீட்டுக்காரரின் வேட்டிக்குள் புகுந்துகொண்டது. மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெயில்ல வுடாதீங்க. பனி ஆவாது. தை மாசம் போனா நல்லா வளந்துடும்" என்றார்.

புதுப்பாளையத்தில் ரிக்‌ஷாவிலிருந்து துண்டு போர்த்திய சடையை இறக்கியபோது அக்கா ஓடிவந்து, "யாரு கொழந்தைடி?" என்றாள். துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நான் உள்ளே போய் நிஜமான குழந்தையை எடுத்தேன். இரண்டு கையிலும் வளையலைப் போட்டேன். அது உடனே ஒன்றை வாயில் வைத்துச் சப்பி, முகத்தைச் சுளித்தது. மூன்று நாள் இருந்தோம். அக்காவும் நானும் விடாமல் பேசினோம். குழந்தையைத் தூளியில் போட்டால் சடை அதன் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. முடி இல்லாத இரண்டு பேரும் ஒன்றாகத் தூங்கினார்கள்.

புதன்கிழமை அண்ணாமலை நகருக்குத் திரும்பினோம். அத்தை கதவைத் திறந்தார். சடையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அடக்கிக்கொண்டார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் மகனே பார்த்ததில்லையாம்.

அன்று மத்தியானமே மகனின் பழைய ஃபிளானல் சட்டையை எடுத்துவைத்துக்கொண்டு கத்தரித்து, கையாலேயே தைத்து, சடைக்கு ஒரு சொக்காய் ஆக்கினார். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அத்தே, வேணும்னேதான் எண்ண வெச்சீங்களா?"

"போடி, வேல இல்ல." பொத்தான் துளையைத் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்தார். "கொழந்த வளையல் சரியா இருந்துதா?"

"அளவெடுத்தாப்புல இருந்துது."

நான் கோத்துக் கொடுத்த அடுத்த ஊசியை வாங்கிக்கொண்டார். பிறகு தைத்துக்கொண்டே சொன்னார். "எங்க அக்காவுக்கு மூணு புள்ள பொறந்துது. ஒண்ணையும் கைக்கொழந்தையா நான் பாத்ததில்ல. அனுப்ப மாட்டாங்க. எனக்கும் கேக்க வாய் வராது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்னாத்த செய்யறது? எங்க மாமியா வூட்ல எரும மாடுதான் இருந்துது. எரும மாட்டுக்கு முடி வெட்ட எவன் எங்கம்மா ஊருக்குக் கூட்டிகினு போவான்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் 'போயேன்' என்ற சொல் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்க்கணும்போல இருக்கு என்று நேராகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். "போய்ட்டு வா, ஆனா வெறுங்கையோட போவாதே" என்று அவரும் சொல்லக் கற்றுக்கொண்டார்.

சடைக்கு முடி வளர்ந்தது. முன்பைவிடக் கொஞ்சம் சுருட்டையாக வளர்ந்தது. முளைத்த நாளிலிருந்தே அத்தை பிரஷ்ஷைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் கை அழுத்தம், அதுக்கு வலிக்குது" என்று காரணம் சொன்னார். எண்ணெய் மட்டும் வைக்கவில்லை. பேராசிரியர் சொன்னபடி இரண்டு வருஷத்தில் திரும்பவில்லை; அங்கேயே ஒரு வேலை கிடைத்துத் தங்கிவிட்டார். நாயைப் பற்றி அவர் கேட்டபோது, "அது இங்கயே இருக்கட்டும் சார்" என்று என் வீட்டுக்காரர் எழுதிவிட்டார்.

சடைக்கு எண்ணெய் வைத்ததற்கு அடுத்த வருஷக் கடைசியில் எனக்கு மகன் பிறந்தான், கடலூரில்தான். மூன்று மாதம் கழித்து அம்மாவும் அண்ணனும் என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து அண்ணாமலை நகர் வீட்டு வாசலில் குதிரைவண்டியை நிறுத்தினார்கள். பேரனை முதல்முறையாக வீட்டுக்குள் அழைக்கிற நேரம். ஆரத்தித் தட்டு வாசலில் தயாராக இருந்தது. ஆனால் அத்தையைக் காணோம். என் வீட்டுக்காரர் பின்னால் திரும்பி, "அம்மா! வந்துட்டாங்க!" என்று கூப்பிட்டார்.

புழக்கடையிலிருந்து குரல் வந்தது.

"கொழந்தைய வெயில்ல நிறுத்தாம அந்தப் பக்கம் நெழல்ல நிறுத்துங்க. ஒரு காது முடிஞ்சிடுச்சி. இன்னொரு காது வாரிட்டு வந்துடறேன்."